விளம்பரம் வந்த எத்தனை நிமிஷத்துக்குள் ப்ரொபோசல் போட வேண்டும்?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர். 6 ஜனவரி 2025

அக்கா, அப்வொர்க் என்கிற ஃப்ரீலான்ஸ் வேலைத் தளத்தில் ஒரு வேலை விளம்பரம் வந்து பத்து நிமிஷத்துக்குள் ப்ரொபோசல், அதாவது விண்ணப்பம், போடாவிட்டால் அப்புறம் போடுவது வீண் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சொல்கிறார். போஸ்டர், ப்ரோஷர், புத்தக அட்டை செய்கிறேன். ராத்திரி போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். சத்தம் கேட்டால் எழுந்து உடனே போட்டுவிடுகிறேன். தீபாவளியிலிருந்து இப்படித்தான். ஒன்றும் அமையவில்லை. இன்னும் சீக்கிரம் போட வேண்டுமா?

6 ஜனவரி 2025, இரவு

வேண்டாம் தம்பி. முதலில் அந்தப் போனைத் தலைமாட்டிலிருந்து எடு.

பத்து நிமிஷக் கணக்கு முழுப் பொய் இல்லை. விளம்பரம் போட்டவர் போட்ட கையோடு கொஞ்ச நேரம் கணினி முன்னால்தான் இருப்பார். அந்த நேரத்தில் வந்து விழுவதைத் திறந்து பார்ப்பார். அதுவரை சரி. அதிலிருந்து 'அதற்கு மேல் போனால் வீண்' என்று தாவுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். புதுச்சேரியில் ஒரு டைப்செட்டிங் கம்பெனியில் வருஷக்கணக்காக வெளிநாட்டுப் பதிப்பகங்களின் பக்கங்களைச் செய்துவிட்டு வெளியே வந்தவள் நான். இப்போது முத்தியால்பேட்டை வீட்டிலிருந்தே புத்தக உள்பக்க வடிவமைப்பும் மின்னூலும் செய்கிறேன். இன்றுவரை என்னிடம் திரும்பத் திரும்ப வேலை கொடுக்கும் க்ளையன்ட்களில் பெரும்பாலோர், அவர்கள் விளம்பரம் போட்ட மறுநாளோ அதற்கும் அடுத்த நாளோ நான் எழுதிப் பிடித்தவர்கள்.

ஒரு வேலை கையில் இருக்கிறது. மீதி நாளைக்கு.

7 ஜனவரி 2025

எதிர்ப் பக்கத்திலிருந்து பார்த்தால் இது சட்டென்று விளங்கும். நானே ஒருமுறை அங்கே க்ளையன்டாக விளம்பரம் போட்டிருக்கிறேன். ஒரு வரலாற்றுப் புத்தகத்துக்குப் பின்னால், எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று காட்டும் சொல்லடைவு தயாரிக்க ஆள் தேவைப்பட்டது. விளம்பரத்தைப் போட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்க் காப்பி கலந்துகொண்டு வருவதற்குள் திரை நிறைந்துவிட்டது.

வந்தவற்றின் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் கீழே ப்ரொபோசலின் முதல் இரண்டு வரிதான் தெரியும். மீதியைப் படிக்க அழுத்தித் திறக்க வேண்டும். அந்த இரண்டு வரி எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. "உங்கள் விளம்பரத்தைக் கவனமாகப் படித்தேன், இந்த வேலைக்கு நான் பொருத்தமானவர், எனக்கு இத்தனை வருஷ அனுபவம்." கவனமாகப் படித்தேன் என்று எழுதியவர்களுக்கு அந்த விளம்பரத்தைப் படிக்கவே நேரம் இருந்திருக்காது, அவ்வளவு சீக்கிரம் வந்திருந்தன. பாதிக்கு மேல் ஏதோ கணினி நிரல் தானாக எழுதி அனுப்பியவை என்று பார்த்த உடனே தெரிந்தது.

சிலவற்றைத் திறந்தேன், மூடினேன், படுக்கப் போய்விட்டேன். மறுநாள் மதியம் சாவகாசமாக உட்கார்ந்து பார்க்கும்போது புதிதாக ஒருவர் எழுதியிருந்தார். முதல் வரியே கேள்வி: அடிக்குறிப்புகளில் வரும் பெயர்களையும் சொல்லடைவில் சேர்க்க வேண்டுமா, வேண்டாமா? சேர்த்தால் இத்தனை பக்கம் கூடும் என்று ஒரு மதிப்பும் போட்டிருந்தார். அவருக்குத்தான் கொடுத்தேன். அவர் எத்தனை மணிக்கு எழுதினார் என்று நான் பார்க்கவே இல்லை.

விளம்பரம் வந்த முதல் சில நிமிஷங்கள் இப்போது தூங்காத நிரல்களின் கையில் இருக்கின்றன. மஞ்சக்குப்பத்தில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து அந்த ஓட்டத்தில் ஜெயிக்க முடியாது. ஜெயிக்க வேண்டிய தேவையும் இல்லை. (நீயும் அப்படி ஒன்றை வாங்கி மாட்டிவிடலாமா என்று கேட்காதே. அனுமதி இல்லாத தானியங்கி விண்ணப்பம் என்று தெரிந்தால் கணக்கையே முடக்கிவிடுவார்கள்.)

9 ஜனவரி 2025

லாஸ்பேட்டையிலிருந்து ஒருவர் காரமாக எழுதியிருக்கிறார். "கடலூர் துறைமுகத்தில் விடிகாலை ஏலத்துக்குப் போய் நிற்காதவனுக்கு நல்ல மீன் கிடைக்குமா? பத்து மணிக்குப் போனால் காரப்பொடி மாதிரிப் பொடிமீன்தான். இதுவும் அப்படித்தான்."

நல்ல உதாரணம், அதனால்தான் பதில் சொல்கிறேன். மீன் வெயிலேறினால் கெட்டுப்போகும், அதனால் விற்பவருக்கே அவசரம். முந்நூறு பக்க நாவலை அச்சுக்குத் தயார் செய்யும் வேலை வெயிலில் கெடாது. அதை எழுதியவர் ரெண்டு வருஷம் உட்கார்ந்து எழுதியிருப்பார். முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்கப் பயந்து நாலு நாள் யோசிப்பார். அவருக்கு அவசரம் இல்லை. இருப்பது பயம். அந்தப் பயத்தைப் போக்குகிற ஆளைத்தான் தேடுகிறார்.

9 ஜனவரி 2025, சாயங்காலம்

காலையில் எழுதியதில் ஒரு திருத்தம். லாஸ்பேட்டைக்காரர் செய்வது பிடிஎஃப்பை வேர்டாக மாற்றுவது, படத்தின் பின்னணியை வெட்டுவது, எக்செல் அட்டவணை நிரப்புவது மாதிரி வேலைகள் என்று இப்போதுதான் சொன்னார். அப்படியானால் அவர் சொல்வது அவர் வேலைக்குச் சரி. அந்த வேலையைக் கொடுப்பவர் ஆளைத் தேர்ந்தெடுப்பதில்லை, முதலில் கைதூக்கியவரைப் பிடித்து முடித்துவிடப் பார்க்கிறார். இன்றைக்கே வேண்டும் என்று எழுதியிருப்பார். அங்கே ஒரு மணி நேரம் தாமதித்தாலே ஆள் அமர்ந்துவிடுவார்.

ஆக, நாம் எல்லாரும் ஒரே பெயரில் வெவ்வேறு வேலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அரை மணி நேரத்தில் முடிகிற, யார் செய்தாலும் ஒன்றுபோல் இருக்கிற வேலைக்கு வேகம் பாதி பலம். செய்பவரைப் பொறுத்து மாறுகிற வேலைக்கு அப்படி இல்லை. தம்பி, உன் புத்தக அட்டை இரண்டாவது வகை. போஸ்டர் பாதிப் பாதி.

இன்னொன்றும் அவருக்குச் சொல்ல வேண்டும், கோபப்படக் கூடாது. வேகத்தால் மட்டும் கிடைக்கிற வேலைக்கு விலையும் கீழேதான் போய்க்கொண்டிருக்கும். அதிலிருந்து ஒரு படி மேலே வர ஏதாவது கற்றுக்கொள்ளுங்கள். எக்செல் நிரப்புகிறவர் அந்த அட்டவணையை ஒழுங்குபடுத்தித் தரவும் பழகினால் முதல் வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு வந்துவிடுவார்.

13 ஜனவரி 2025, போகி

வெளியே மேளம். தம்பி "மறுநாள் எழுதி வேலை பிடித்த ஒரு கதையைச் சொல்லுங்கள், நம்புகிறேன்" என்று கேட்டிருக்கிறார்.

அமெரிக்காவில் ஒரு அம்மா. அவருடைய பாட்டியின் சமையல் குறிப்புகளைக் குடும்பத்துக்காக அச்சிட வேண்டும், 6க்கு 9 அங்குல அளவில். விளம்பரம் முதல் நாளே வந்திருந்தது. நான் பார்க்கும்போது ப்ரொபோசல் எண்ணிக்கை '20 முதல் 50' என்று காட்டியது. அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் திரும்பிப் போய்விடுகிறார்கள். நான் பார்க்கிற வரி வேறு. விளம்பரத்தின் அடியில் 'க்ளையன்ட் கடைசியாகப் பார்த்தது' என்று ஒன்று இருக்கும், பக்கத்தில் 'நேர்காணலில் இருப்பவர்கள்' எத்தனை பேர் என்றும் இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு முன் பார்த்திருக்கிறார், நேர்காணலில் யாரும் இல்லை. அதாவது ஐம்பது பேர் வரை எழுதியும் அந்த அம்மாவுக்கு ஒருவரையும் பிடிக்கவில்லை. இதைவிட நல்ல சகுனம் என்ன வேண்டும்?

மாதிரிக்கு ஒரு கோப்பை இணைத்திருந்தார். திறந்தேன். அரை கப், கால் ஸ்பூன் என்று வருகிற பின்னங்கள் சில பக்கங்களில் சரியாகவும் சில பக்கங்களில் வெறும் கட்டமாகவும் இருந்தன. நடுவில் எழுத்துரு மாறியிருக்கிறது, மாறிய எழுத்துருவில் அந்தப் பின்னக் குறிகள் இல்லை. இன்னொன்று, ஒரு ரொட்டிக் குறிப்பு வலப்பக்கத்தின் அடியில் ஆரம்பித்து மறுபக்கத்துக்குப் போனது. மாவு பிசைகிற கையோடு பக்கம் திருப்ப வேண்டும்.

இந்த இரண்டையும்தான் முதல் இரண்டு வரியாக எழுதினேன். என் பெயர், அனுபவம் எல்லாம் அதற்குக் கீழே. ஒரு பக்கத்தை மட்டும் திருத்தி, பின்னங்கள் சரியாகத் தெரியும்படி இணைத்தேன். அன்று ராத்திரியே பதில் வந்தது. தன் கோப்பைத் திறந்து பார்த்ததாகக் காட்டிக்கொண்டவர் வேறு யாரும் இல்லை என்று எழுதியிருந்தார். அந்த வேலைக்குப் பிறகு அவருடைய தோழிகள் இரண்டு பேர் வந்தார்கள்.

கோப்பைத் திறந்து படித்து, ஒரு பக்கம் திருத்தி, எழுதி முடிக்க நல்ல நேரம் ஆகும். பத்து நிமிஷத்தில் இது நடக்காது. பத்து நிமிஷ விதியைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதைச் செய்யவே வழி இல்லை. என் சண்டையெல்லாம் இதற்காகத்தான்.

13 ஜனவரி 2025, பின்குறிப்பு

எல்லா ப்ரொபோசலுக்கும் மாதிரி செய்து கொடுங்கள் என்று சொல்லவில்லை. முழு அட்டையை இலவசமாகச் செய்து காட்டு என்று கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடு.

17 ஜனவரி 2025

பொங்கல் முடிந்தது. காசுக் கணக்கு பேசுவோம், இதைத்தான் யாரும் இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

ஈலான்ஸும் ஓடெஸ்க்கும் 2013 கடைசியில் ஒன்றாகி, 2015ல் அப்வொர்க் என்று பெயர் மாறியது. அந்தக் காலத்தில் விண்ணப்பிக்க நமக்குக் கைக்காசு பெரிதாகப் போனதில்லை. வேகமாக நிறையப் போடு என்கிற புத்திமதி அப்போது பிறந்தது. விண்ணப்பம் போடச் செலவாகும் டோக்கனுக்குக் கனெக்ட் என்று பெயர். 2019ல் அதற்குக் காசு வாங்க ஆரம்பித்தார்கள். ஒரு கனெக்ட் 0.15 டாலர். ஒரு வேலைக்கு 12 கனெக்ட் கேட்டால் 1.80 டாலர். டாலர் 86 ரூபாய் என்று வைத்தால் சுமார் 155 ரூபாய். ஒரு ராத்திரியில் பத்து விளம்பரத்துக்குத் தூக்கக் கலக்கத்தில் போட்டால் 1,550 ரூபாய். கடலூரில் ஒரு வீட்டுக்கு வாரக் காய்கறி, மளிகைக்கு ஆகிற காசு. வேலை கிடைக்கும் முன்னமே போய்விடுகிறது.

அதோடு, முதலில் போட்டால் மேலே தெரிவோம் என்பதும் இல்லை. பட்டியலின் மேல் இடங்கள் சில ஏலத்துக்கு விடப்படுகின்றன. கூடுதல் கனெக்ட் கட்டியவர் தாமதமாக வந்தாலும் மேலே ஏறிவிடுவார். மற்றவர்களையும் தளம் தன் கணக்குப்படி 'பொருத்தமானவர்' என்று வரிசைப்படுத்துகிறது. நீ ஒன்றாவது நிமிஷம் போட்டும் நடுவில் எங்கோ கிடக்கலாம்.

எனவே போடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை: பணம் செலுத்தும் வழி உறுதி செய்யப்பட்டிருக்கிறதா, இதற்கு முன் விளம்பரம் போட்டவற்றில் எத்தனைக்கு நிஜமாக ஆள் எடுத்திருக்கிறார், முன்பு வேலை செய்தவர்கள் அவரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள். நிறைய விளம்பரம் போட்டு யாரையும் எடுக்காதவருக்கு நீ எவ்வளவு வேகமாகப் போட்டும் ஒன்றுதான்.

19 ஜனவரி 2025

இப்போது மறுபக்கம். மெதுவாக இருக்கலாம் என்று நான் சொல்வதாக நெல்லிக்குப்பத்துத் தங்கை ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். ப்ரொபோசல் போடுவதற்கு மட்டும்தான் அது. க்ளையன்ட் உன் ப்ரொபோசலைப் படித்துவிட்டு ஒரு வரி கேள்வி கேட்டுவிட்டார் என்றால் அப்போது வேகம் வேண்டும். அங்கே நான் ரொம்பக் கறார். விழித்திருக்கும் நேரத்தில் வந்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுதுவேன்.

காரணம் எளிது. அவர் ஒரே நேரத்தில் மூன்று நாலு பேருக்குக் கேள்வி அனுப்பியிருப்பார். அவர்களில் முதலில் தெளிவாகப் பதில் சொல்பவரோடு பேச்சு ஓட ஆரம்பிக்கும். ஓட ஆரம்பித்த பேச்சை நிறுத்திவிட்டு இன்னொருவரிடம் போக யாருக்கும் மனசு வராது. வேலையை ஒப்படைத்த பிறகு இந்த ஆள் காணாமல் போய்விடுவாரோ என்கிற பயமும் அவருக்கு உண்டு. அந்தப் பயத்துக்கு முதல் விடை உன் பதில் வந்த நேரம்தான்.

முழுப் பதிலும் உடனே வேண்டும் என்றில்லை. "பார்த்துவிட்டேன். கோப்பைத் திறந்து பக்கக் கணக்கு போட்டு, உங்கள் நேரம் காலை பதினொன்றுக்குள் சொல்கிறேன்" என்றால் போதும். சொன்ன நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும்.

ஃபெஞ்சல் புயலை நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 48 செ.மீ. மழை. அதற்கு முன் சுமார் முப்பது வருஷத்தில் அதிகபட்சமே 2004ல் பெய்த 21 செ.மீ.தான். எங்கள் தெருவில் தண்ணீர், கரண்ட் இல்லை, டவர் இல்லை. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கிக் கடலூர் பக்கம் என்ன பாடுபட்டது என்பது தம்பிக்கு என்னைவிடத் தெரியும்.

அந்த வாரம் இங்கிலாந்தில் ஒரு சிறு பதிப்பாளரோடு எனக்குப் பேச்சு நடந்துகொண்டிருந்தது, இன்னும் கையெழுத்தாகவில்லை. புயல் எச்சரிக்கை வந்த வெள்ளிக்கிழமையே அவருக்கு எழுதிவிட்டேன்: எங்கள் ஊரை நோக்கிப் புயல் வருகிறது, சில நாள் என்னிடமிருந்து பதில் வராமல் போகலாம், கரண்ட் வந்ததும் முதல் வேலையாக உங்களுக்குத்தான் எழுதுவேன். சனிக்கிழமை அவர் ஏதோ கேட்டிருக்கிறார். நான் பார்த்தது பல நாள் கழித்து. அதற்குக் கீழே அவரே இன்னொரு செய்தி போட்டிருந்தார், செய்தியில் உங்கள் ஊரைப் பார்த்தேன், பத்திரமாக இருக்கிறீர்களா, அவசரமில்லை என்று. வேலை எனக்கே வந்தது.

அதே வாரம் பாகூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்திக்குக் கையில் இருந்த வேலையே போய்விட்டது. அவளுக்குச் சொல்லி வைக்க அவகாசம் கிடைக்கவில்லை, க்ளையன்டும் காத்திருக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நல்ல வேலைக்காரி. அக்டோபர், நவம்பர், டிசம்பரில் நம் கரையோரத்தில் இருந்துகொண்டு இந்தத் தொழில் செய்பவர்கள், வானிலைச் செய்தி வந்த உடனே க்ளையன்டுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இன்வெர்ட்டரைவிட அது உதவும்.

2 பிப்ரவரி 2025

அவசரப்படுத்துகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியிருக்கிறது. வில்லியனூரிலிருந்து ஒருவர் தன் மகனுக்கு நடந்ததைச் சொன்னார். "பதினைந்து நிமிஷத்துக்குள் உறுதி செய்தால் வேலை உனக்கு, டெலிகிராமுக்கு வா." போனான். அடையாளச் சரிபார்ப்புக்கு முன்பணம், திரும்பக் கிடைக்கும் என்றார்கள். கட்டினான். அப்புறம் இன்னொரு கட்டணம். அந்த ஆள் மறைந்துவிட்டான்.

வேலை கொடுப்பவர் உன்னிடம் காசு கேட்க மாட்டார். தளத்துக்கு வெளியே கூப்பிட்டு, யோசிக்க நேரம் தராமல் விரட்டினால் அது வேலையே இல்லை. நிமிஷக் கணக்குக்கு ஓடப் பழகிய பிள்ளைகள்தான் இதில் சுலபமாக விழுகிறார்கள், அதனால்தான் இந்த விதியின் மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம். பணம் போய்விட்டது என்று தெரிந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே கூப்பிட வேண்டும், தேசிய சைபர் குற்ற உதவி எண். அங்கே மட்டும் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம், ஏனென்றால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் நிறுத்தப் பார்ப்பார்கள்.

10 பிப்ரவரி 2025

தம்பி போனை ஹாலில் வைத்துவிட்டுத் தூங்குவதாக எழுதியிருக்கிறார். அம்மா சந்தோஷப்பட்டார்களாம். நானும்தான்.

"அப்படியானால் எந்த நேரத்தில் உட்காருவது?" என்று அடுத்த கேள்வி. எல்லா நேரமும் விழித்திருக்க வேண்டாம், க்ளையன்ட் ஊரில் ஆபீஸ் திறக்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டால் போதும். இப்போதைய குளிர்காலக் கணக்கில் அவர்கள் ஊரில் காலை ஒன்பது மணி என்பது நமக்கு எப்போது என்று சொல்கிறேன். பாரிஸ் பகல் 1.30. லண்டன் 2.30. நியூயார்க் இரவு 7.30. கலிஃபோர்னியா இரவு 10.30. சிட்னி விடிகாலை 3.30.

சிட்னியை விட்டுவிடு, அவர்கள் மத்தியானம் உனக்குக் காலைதான், அப்போது எழுதிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாக்காரருக்கும் விழித்திருக்க வேண்டாம். நீ காலை ஏழு மணிக்கு எழுந்து எழுதினால் அங்கே முந்தின நாள் சாயங்காலம் ஐந்தரை, ஆபீஸை மூடும் முன் பார்ப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு ஐரோப்பா, விளக்கு வைத்த பிறகு நியூயார்க். பத்து மணிக்கு மூடிவிடு. என் தம்பி மகள் சொல்வாள், "ஏழரை ஆனா எல்லார் வீட்லயும் சீரியல், அத்தை வீட்ல நியூயார்க்" என்று.

புதுச்சேரியில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாரிஸ் கணக்கு ரொம்ப வசதி, அங்கத்து வேலை நாள் முழுக்க நம்முடைய மத்தியானமும் சாயங்காலமும்தான். அந்த வசதி இருந்தும் ராத்திரி இரண்டு மணிக்கு அமெரிக்க விளம்பரத்துக்குக் காத்துக்கிடக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

9 மார்ச் 2025

இன்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டார்கள். நியூயார்க்கின் ஒன்பது இனி நமக்கு 6.30, கலிஃபோர்னியா 9.30. ஐரோப்பா இன்னும் மாறவில்லை, மார்ச் 30 அன்றுதான் மாறும், அதற்குப் பிறகு பாரிஸ் 12.30, லண்டன் 1.30. நடுவில் இருக்கும் இந்த மூன்று வாரத்தில் வீடியோ கால் நேரம் குழம்பும். நேரம் குறிக்கும்போது அவர்கள் ஊர் நேரத்தையும் நம் நேரத்தையும் சேர்த்து எழுதி அனுப்பு.

16 மார்ச் 2025

நெல்லிக்குப்பத்துத் தங்கை: ஃபைவர் என்கிற இன்னொரு தளத்தில் இருக்கிறாராம், அங்கே எப்படி என்று கேட்கிறார். அங்கே கதை தலைகீழ். நாம் கடை விரித்து வைக்கிறோம், வாங்குபவர் வந்து கேட்கிறார். அதனால் அங்கே நிஜமாகவே பதில் சொல்லும் வேகம்தான் கணக்கு. புதிதாக வருபவரின் முதல் செய்திக்கு 24 மணி நேரத்துக்குள் பதில் போட்டீர்களா என்று தளமே கணக்கு வைக்கும். குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகு ஒருமுறை, அவர்கள் தூங்கிய பிறகு ஒருமுறை திறந்து பார்த்தாலே 24 மணி நேரக் கெடு தவறாது. அப்வொர்க்கில் க்ளையன்டே உங்களைக் கூப்பிட்டு அனுப்பும் இன்வைட்டுக்கும் இதே மாதிரி நடந்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றாலும் வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

23 மார்ச் 2025

தம்பிக்கு ஒரு சின்னச் சந்தேகம். ஒரு கவிதைத் தொகுப்பின் அட்டைக்கு விளம்பரம், மூன்று நாள் ஆகிவிட்டது, யாரையும் எடுக்கவில்லை, க்ளையன்ட் நேற்றும் வந்து பார்த்திருக்கிறார். "தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும் என்று ஆரம்பிக்கலாமா?"

வேண்டாம். நீ எப்போது பார்த்தாய் என்பது அவருக்குத் தெரியாது, அவருக்கு அது தேவையும் இல்லை. அவர் இணைத்திருக்கும் அந்தப் பழைய அட்டையை நானும் திறந்து பார்த்தேன். தலைப்பின் கடைசி எழுத்து வெட்டு விளிம்புக்கு மிக அருகில் இருக்கிறது, அச்சகத்தில் வெட்டும்போது கொஞ்சம் நகர்ந்தாலும் போய்விடும். முதுகுப் பட்டையின் அகலமும் பக்க எண்ணிக்கைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், அதற்குத் தாளின் கனம் தெரிய வேண்டும். அதைக் கேள்வியாகக் கேட்டு ஆரம்பி. இன்று ஞாயிறு, அவர் நியூயார்க்காரர். நாளைக்குச் சாயங்காலம் ஆறு மணி வாக்கில் அனுப்பு. இன்றைக்கு அந்த அட்டையை இன்னொரு தடவை நிதானமாகப் பார்.